"ஒரு நாள் முன்னால் புரிந்துகொண்டிருந்தால் என் மகளின் குடல் தப்பியிருக்குமா?"

தமிழகத்தின் வடமேற்கு மாவட்டம் ஒன்றில், மலையடிவாரக் கிராமத்தில் வசிக்கும் ஒரு தாய், குழந்தை அறுவை மருத்துவரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டு, அதன் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய ஏழு மாதப் பெண் குழந்தை ஒரு நாள் காலையில் திடீரென்று வீறிட்டு அழத் தொடங்கியது. கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் அழும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கிடக்கும். கால் மணி நேரத்தில் மறுபடியும் அழும். குடித்த பால் எல்லாம் வாந்தியாக வந்தது. 'உரம் விழுந்திருக்கிறது' என்று மாமியார் சொன்னதால், பக்கத்து ஊரில் உரம் எடுக்கும் பெண்ணிடம் தூக்கிச் சென்றார்கள். மாலையில் மருந்துக்கடையில் ஒரு சிரப் வாங்கிக் கொடுத்தார்கள். இரவில் ரத்தமும் சளியும் கலந்து மலம் போனது. உள்ளூர் கிளினிக்கில் சீதபேதி என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். விடிந்தபோது குழந்தை அழவில்லை, துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தது. ஊசி வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள்.

நண்பகலில் பச்சை நிறத்தில் வாந்தி. தாலுகா மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு. ஸ்கேனில் குடலுக்குள் குடல் செருகியிருப்பது தெரிந்தது. இவ்வளவு சிறிய குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க இங்கே வசதி இல்லை என்று, அடுத்த மாவட்டத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். 108 வண்டிக்குக் காத்திருந்தால் நேரமாகும் என்று வாடகைக் காரில் கிளம்பிவிட்டார்கள். இரவு பதினொரு மணிக்குச் சேர்ந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் டிரிப் மட்டுமே ஏறியது. அதன் பிறகுதான் அறுவை சிகிச்சை. அழுகிய குடல் பகுதியை வெட்டியெடுத்து, சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் பை ஒட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

குழந்தைக்கு இப்போது ஒன்பது மாதம். பையை எடுத்துவிட்டுக் குடலை உள்ளே இணைக்கும் அறுவைக்கு அதே மருத்துவமனை வரச் சொல்லியிருக்கிறது. லோடு ஆட்டோ ஓட்டும் கணவர், "பெற்றவளுக்கே தெரியவில்லையா?" என்கிறார். உறவினர்கள் சொட்டு மருந்தைக் குற்றம் சொல்கிறார்கள். தம்பி வழக்குப் போட வேண்டும் என்கிறார். கணவரின் அண்ணனோ, நிலத்தை அடமானம் வைத்தாவது இரண்டாவது அறுவையைத் தனியார் மருத்துவமனையில் செய்யச் சொல்கிறார். "ஒரு நாள் முன்னால் புரிந்துகொண்டிருந்தால் என் மகளின் குடல் தப்பியிருக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உண்மையைக் கேட்டிருக்கிறீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். முதல் நாள் இரவுக்குள் நோய் கண்டறியப்பட்டு, சரியான இடத்துக்குக் குழந்தை போயிருந்தால், வயிற்றைத் திறக்காமலேயே சரியாகியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. ஆனால் அதைக் கண்டறிந்திருக்க வேண்டியவர் நீங்கள் அல்ல. இந்த இரண்டாவது வாக்கியத்தையும் முதல் வாக்கியத்தைப் போலவே முழுதாக நம்புங்கள்.

குடல் செருகல் பெரும்பாலும் நான்கு முதல் பத்து மாதக் குழந்தைகளுக்கு வருகிறது. அதுவும் நன்றாகப் பால் குடித்து, கொழுகொழுவென்று வளரும் குழந்தைக்கு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரும். சட்டைக் கையை இழுக்கும்போது துணி தனக்குள்ளேயே நுழைந்துகொள்வதைப் போல, சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்துவிடுகிறது. சளிக் காய்ச்சலோ வயிற்றுத் தொற்றோ வந்துபோன பிறகு குடல் சுவரில் இருக்கும் நிணத் திசுக்கள் வீங்கியிருக்கும். குடல் அசையும்போது அந்த வீக்கம் உள்ளே இழுபடுகிறது என்பதே பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் சொல்லும் காரணம். நீங்கள் சாப்பிட்டது எதுவும் காரணம் அல்ல, குழந்தைக்குக் கொடுத்த வாழைப்பழமும் காரணம் அல்ல. எந்தத் தாயாலும் இதை வராமல் தடுக்க முடியாது.

செருகிய குடலுக்கு ரத்தம் போவது மெல்ல நின்றுபோகும். முதல் சில மணி நேரம் வலி அலையலையாக வரும், குழந்தை அழும். குடலின் உட்புறத் தோல் பாதிக்கப்படும்போது சளியும் ரத்தமும் மலத்தில் வரும். உடலில் நீர் வற்றி, நஞ்சு ஏறத் தொடங்கியதும் குழந்தை அழுவதற்கும் தெம்பில்லாமல் துவண்டுபோகும். உங்கள் வீட்டில் நிம்மதி அடைந்த அந்த விடியற்காலைதான் மிகவும் ஆபத்தான நேரம். இதைச் சொல்வது உங்களை வருத்துவதற்கு அல்ல. அழுகை நின்றதைக் குணமானதாக நினைத்து ஏமாந்து வரும் பெற்றோரைக் குழந்தை அறுவை மருத்துவர்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். படித்தவர்களும் அவர்களில் உண்டு. இந்தப் பதிலை உங்களோடு சேர்ந்து படிக்கும் மற்ற தாய்மாருக்காகவும் அதை எழுதுகிறேன்.

உங்கள் மாமியாரையும் மன்னித்துவிடுங்கள். உரம் எடுப்பதற்காகப் புடவையில் போட்டு உருட்டியதால் குடல் செருகவில்லை. அது விட்டு விட்டு அழத் தொடங்கியதற்குப் பிறகு நடந்தது. அதனால் போனது நேரம்தான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: தொக்கம் எடுக்கிறேன், குடல் தூக்குகிறேன் என்று வாந்தி எடுக்கும் குழந்தையின் வயிற்றை அழுத்தவோ தடவவோ யாரையும் விடக்கூடாது. நலிந்த குடல் ஓட்டையாகிவிடக்கூடும்.

கிளினிக்கின் பங்கு வேறு வகையானது. காய்ச்சல் இல்லாமல், விட்டு விட்டு அழுது, வாந்தியும் எடுக்கும் ஏழு மாதக் குழந்தைக்கு ரத்தம் கலந்த மலம் போனால் சீதபேதி என்று முடிவுகட்டுவதற்கு முன் குடல் செருகலை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு அல்ட்ராசவுண்டு ஸ்கேன் போதும். அந்த நிலையில் ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்புநீரையோ அழுத்தத்தோடு செலுத்திக் குடலைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடலாம். சீக்கிரம் வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. குடல் அழுகிவிட்டாலோ ஓட்டை விழுந்துவிட்டாலோ அந்த வழி மூடிவிடும். உங்கள் மகள் மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தாள்.

டிரிப் ஏறிய அந்த இரண்டு மணி நேரம்

'குழந்தை செத்துக்கொண்டிருந்தது, அவர்கள் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வராந்தாவில் நின்ற உங்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் உங்கள் மகளைக் காப்பாற்றியதில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு அறுவைக்கு நிகரான பங்கு உண்டு. ஒன்றரை நாள் வாந்தியெடுத்து வற்றிப்போன குழந்தையை அப்படியே மேசையில் கிடத்தி மயக்க மருந்து கொடுத்தால், ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. முதலில் நீரும் உப்பும் ஏற்ற வேண்டும், மூக்கு வழியாக டியூப் போட்டு வயிற்றைக் காலியாக்க வேண்டும், நோய்த்தொற்றுக்கு மருந்து செலுத்த வேண்டும், உடலைச் சூடாக வைத்திருக்க வேண்டும், ரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும். ஏழு கிலோ குழந்தைக்கு மணிக்கு ஏழு மில்லியாவது சிறுநீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். அது வந்த பிறகுதான் கத்தியை எடுக்கத் துணிவு வரும்.

மாவட்ட மருத்துவமனை அனுப்பிவிட்டதைப் பற்றியும் பேச வேண்டும். ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தம் ஏறக்குறைய அரை லிட்டர். பெரியவருக்குப் பொருட்படுத்தத் தேவையில்லாத ஐம்பது மில்லி ரத்தப்போக்கு, அவளுக்குப் பத்தில் ஒரு பங்கு இழப்பு. மூச்சுக்குழாயில் வைக்கும் டியூபிலிருந்து மருந்தின் அளவு வரை எல்லாமே வேறு. பெரியவர்களின் வயிற்றை நன்றாக அறுவை செய்யும் மருத்துவமனையால் கைக்குழந்தைக்கு அதையே செய்ய முடியாமல் போவதற்கு, பெரும்பாலும் மயக்க மருந்து நிபுணர் இல்லாததே காரணம். அதனால் அனுப்பியதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அனுப்பிய விதம் தவறு. டிரிப்பும் மூக்கு டியூபும் போட்டு, போய்ச் சேரும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி, 108 வண்டியில் அனுப்பியிருக்க வேண்டும். தகவல் முன்பே போயிருந்தால் அங்கே ரத்தமும் தியேட்டரும் தயாராக இருந்திருக்கும்.

வாடகைக் காரில் போனது உங்கள் பதற்றத்தில் எடுத்த முடிவு, புரிகிறது. ஆனாலும் அடுத்த முறை யாருக்காவது இப்படி நேர்ந்தால் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். காரில் டிரிப் நின்றுவிடும், வழியில் வாந்தி மூச்சுக்குழாயில் ஏறினால் உறிஞ்சி எடுக்க ஆள் இருக்காது. கொஞ்ச நேரம் காத்திருந்தாலும் ஆக்சிஜனும் உதவியாளரும் உள்ள ஆம்புலன்ஸ்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு.

இது உங்கள் மாவட்டத்தின் குறை மட்டும் அல்ல. உலக அறுவை சிகிச்சை நிலையை ஆராய 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015-இல் தந்த அறிக்கை, பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சையும் மயக்க மருந்து வசதியும் 500 கோடி மக்களுக்குக் கிடைக்கவில்லை என்றது. அதன் பிறகு வந்த ஒரு கணக்கீடு, அப்படி எட்டாத குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் மட்டும் சுமார் 170 கோடி என்றது. 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில், குடல், வயிறு சார்ந்த பிறவிக் குறைபாடுகளோடு வந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2021-இல் வெளியானது. ஏழை நாடுகளில் நூறில் ஏறக்குறைய நாற்பது குழந்தைகள் இறந்தன. நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் இருபது. பணக்கார நாடுகளில் ஆறுக்கும் குறைவு. அது உங்கள் மகளின் நோய் அல்ல. ஆனால் அந்த இடைவெளிக்கான காரணங்கள் இதேதான்: தாமதமாக வருவது, வழியில் வற்றிப்போவது, மயக்க மருந்துக்கும் தீவிர சிகிச்சைக்கும் ஆளில்லாமல் போவது. இவ்வளவு பெரிய குறையை ஒரு தாயின் தலையில் கட்டுவது அநியாயம். உங்கள் கணவருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். அவரும் பயந்துபோயிருக்கிறார்; அந்தப் பயம் கோபமாக வெளிவருகிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னது தவறு.

சொட்டு மருந்தின் மீது பழி வேண்டாம்

உறவினர்கள் சொல்வது முழுக்கக் கற்பனை அல்ல என்பதால் சற்று விளக்குகிறேன். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிராக அமெரிக்காவில் முதலில் வந்த சொட்டு மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் செருகலை உண்டாக்கியதால் 1999-இல் திரும்பப் பெறப்பட்டது. இன்று புழக்கத்தில் இருப்பவை வேறு மருந்துகள். அவற்றில் சிலவற்றுக்கு மிக அரிதாக அந்த அபாயம் உண்டு. அதுவும் பெரும்பாலும் மருந்து கொடுத்த முதல் சில நாட்களில் வரும். இந்தியத் தயாரிப்பு மருந்தைக் கொண்டு இங்குள்ள பல மருத்துவமனைகளில் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், குடல் செருகல் கூடியதாகத் தெரியவில்லை. நம் ஊரில் அதை 6, 10, 14-ஆவது வாரங்களில் கொடுக்கிறார்கள். உங்கள் மகளுக்கு நோய் வந்தது ஏழாவது மாதத்தில். இரண்டையும் முடிச்சுப் போட முடியாது.

அந்தப் பயத்தால் ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் போடாமல் நிறுத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு உண்மையான கவலை. எடை குறைந்து, இன்னொரு அறுவைக்குக் காத்திருக்கும் குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் தாங்காது. அவளுடைய அறுவை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அறுவைத் தேதிக்கு ஓரிரு வாரம் முன்பாகவே போட்டுவிடுங்கள்.

வழக்கு

நான் மருத்துவர், எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நாட்டின் உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, அவசர நிலையில் வருபவருக்குச் சிகிச்சை தர ஒவ்வொரு மருத்துவரும் கடமைப்பட்டவர் என்றது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளிக்கு மேற்கு வங்கத்தின் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்த வழக்கில், 1996-இல் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நிதி இல்லை என்பதை அரசு காரணமாகச் சொல்ல முடியாது என்றும், எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது என்பதை உடனே அறியத் தகவல் தொடர்பு அமைப்பு வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. உங்கள் மகளுக்குக் கிடைக்காமல் போனதும் அந்தத் தொலைபேசி அழைப்புதான்.

ஆனால் உங்கள் தம்பி நினைப்பது போல எல்லாவற்றுக்கும் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. பணம் வாங்கிக்கொண்ட கிளினிக் வரும். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நோயைத் தவறாகக் கணித்தது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. திறமையான சராசரி மருத்துவர் ஒருவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று பார்ப்பார்கள். வழக்கு நீளும், சாட்சி சொல்ல மருத்துவர் தேவைப்படுவார்.

என் யோசனை இது. முதலில் எல்லா மருத்துவமனைகளிலும் சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. பிறகு, ஏன் தொலைபேசியில் தகவல் சொல்லவில்லை, ஏன் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்யவில்லை என்ற இரண்டு கேள்விகளோடு, மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். அந்த மனு அடுத்த குழந்தைக்கு உதவும். அதற்கு மேல் போக விரும்பினால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும். இவை எல்லாம் அறுவை முடிந்த பிறகும் செய்யலாம். இப்போது உங்கள் தெம்பு குழந்தைக்கு வேண்டும்.

இரண்டாவது அறுவையை எங்கே செய்வது?

நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். அறுவைக்காகச் செலவழித்து நொடிந்துபோகிறவர்கள் ஆண்டுக்கு 3.3 கோடிப் பேர் என்று அதே 2015 அறிக்கை சொல்கிறது. அந்தக் கணக்கில் நீங்கள் சேர வேண்டிய தேவையே இல்லை.

முதல் அறுவை செய்தவர்களுக்குத்தான் உள்ளே எவ்வளவு குடல் போனது, எந்த முனை எங்கே இருக்கிறது, எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது தெரியும். சாகும் நிலையில் வந்த குழந்தையை நள்ளிரவில் பிழைக்கவைத்த அந்தக் குழுவுக்கு, திட்டமிட்டுப் பகலில் செய்யும் இணைப்பு அறுவை கடினமானது அல்ல. அபாயமே இல்லை என்று சொல்லமாட்டேன்: இணைத்த இடத்தில் கசிவு, புண்ணில் சீழ், பின்னாளில் குடல் ஒட்டுதல் ஆகியவை எங்கே செய்தாலும் வரக்கூடியவைதான். படுக்கை நெரிசலும் காத்திருப்பும் உங்களைச் சலிப்படையச் செய்திருந்தால், அது உண்மையான குறை. ஆனால் அதற்காக நிலம் போகக்கூடாது.

அப்படியும் தனியாரிடம் போவதென்றால், கட்டடத்தைப் பார்க்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். குழந்தை அறுவை நிபுணர் அங்கேயே இருப்பவரா, அழைத்தால் வருபவரா? கைக்குழந்தைகளுக்குப் பழக்கமான மயக்க மருந்து நிபுணர் யார்? அறுவை முடிந்த இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இந்த அறுவை அந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வருகிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே காப்பீட்டு அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தள்ளிப்போடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 'இன்னும் வளரட்டும்' என்று வீட்டில் சொல்வது இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது. சிறுகுடலிலிருந்து வழியும் நீரில் உப்பும் சேர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. பல குழந்தைகள் இதனாலேயே எடை ஏறாமல் நிற்கிறார்கள். வழக்கமாக ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், உடல் தேறியதும் இணைத்துவிடுவோம். நீங்கள் அந்தக் காலத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

அதுவரை வீட்டில்

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வாரம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ஏறாவிட்டால், உப்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பை வழக்கத்தைவிட வேகமாக நிறைந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராவிட்டாலோ, வெளியே தெரியும் குடல் கருத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். சுற்றியுள்ள தோல் புண்ணாகாமல் இருக்க, ஜிங்க் ஆக்சைடு பசையைத் தடவி, பையின் துளையைக் குடல் முனையின் அளவுக்கே வெட்டி ஒட்டுங்கள்.

பச்சை வாந்தி என்பது இந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் அவசரம்தான். வயிற்றில் அறுவை நடந்தவள் என்பதால், பத்து வயதில் வந்தாலும் அன்றே காட்ட வேண்டும். குடல் செருகல் மறுபடி வருமா என்று கேட்டிருந்தீர்கள்: காற்று செலுத்திச் சரிசெய்தவர்களில் பத்தில் ஒருவருக்குத் திரும்ப வரலாம், அறுவை செய்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. அடுத்து ஒரு குழந்தை பெற்றுக்கொள்ள இது தடையே அல்ல.

மருத்துவமனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் தாள், ஸ்கேன் அறிக்கை, வெட்டியெடுத்த குடலின் பயாப்சி முடிவு, எடை எழுதிய அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி எவ்வளவு போயிருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அதிகம் போயிருந்தால் பின்னாளில் பி12 வைட்டமின் குறைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.